பசியைக் காட்டிய பிரமாண்டம்: 'ஆயிரத்தில் ஒருவன்' மீதான இரு பார்வைகள்

செல்வராகவன் எழுதி இயக்கிய 'ஆயிரத்தில் ஒருவன்' 2010 ஜனவரி 14ஆம் திகதி, தைப்பொங்கல் நாளில் வெளியானது. கார்த்தி, ரீமா சென், ஆண்ட்ரியா, பார்த்திபன் ஆகியோர் நடித்த இந்தச் சாகசக் கற்பனைப் படத்துக்கு ராம்ஜி ஒளிப்பதிவு செய்தார், ஜி.வி. பிரகாஷ்குமார் இசையமைத்தார். அதன் காட்சிப் பிரமாண்டம் பற்றிப் பெரிதாக மாற்றுக் கருத்து எழவில்லை. படம் நல்லதா என்பதில்தான் பார்வையாளர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். பதினைந்து ஆண்டுகள் கடந்தும் அந்தப் பிளவு முற்றாக மறையவில்லை.

கதை 1279இல் தொடங்குகிறது. சோழப் பேரரசு சரிகிறது. பாண்டியர் படை நெருங்குகிறது. சோழ இளவரசன் ஒருவனும் குடிமக்கள் சிலரும் பாண்டியரின் குலதெய்வச் சிலையுடன் கடல் கடந்து மறைகிறார்கள். பல நூற்றாண்டுகளுக்குப் பின், அவர்கள் மறைந்த இடத்தைத் தேடிப்போன தொல்லியலாளர் ஒருவர் காணாமல் போகிறார். அவரைக் கண்டுபிடிக்க ஒரு குழு புறப்படுகிறது. குழுவின் தலைவி அனிதா. தொலைந்தவரின் மகள் லாவண்யா. சுமைதூக்கிகளின் தலைவன் முத்து. வழியெங்கும் சோழர் விட்டுச்சென்ற பொறிகள் காத்திருக்கின்றன.

முதல் பாதியைக் குறைசொல்பவர்கள் குறைவு. ராஜஸ்தானின் ஜெய்சல்மேர், கேரளத்தின் சாலக்குடி, ஹைதராபாத்தின் ராமோஜி திரைப்பட நகரம் எனப் பல இடங்களில் எடுக்கப்பட்ட காட்சிகள் கடலையும் காட்டையும் பாலையையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன் நிறுத்துகின்றன. பலரும் நினைவில் வைத்திருப்பது புதைமணற் காட்சி. சூரியன் சாயும்போது இடிந்த கட்டடங்களின் நிழல் மணலில் நடராஜர் வடிவமாக விழுகிறது. அந்த நிழலுக்குள் கால் வைத்து நடப்பவரை மணல் விழுங்குவதில்லை. நிழலுக்கு வெளியே நிற்பவர் புதைந்து போகிறார். நிழல் நகர்வதற்குள் ஓடிக் கடக்க வேண்டும். கணினி வரைகலையின் தரம் இன்றைய கண்ணுக்குப் பழையதாகத் தெரிந்தாலும், அந்தக் காட்சியின் கற்பனை தேயவில்லை.

கருத்து பிளவுபடுவது இடைவேளைக்குப் பின்னர்தான். குழுவினர் கண்டடைவது பொன்னும் மணியும் குவிந்த நகரத்தை அன்று. ஒளிந்து வாழும் எஞ்சிய சோழர்கள் பசியில் கிடக்கிறார்கள். எறியப்படும் இறைச்சித் துண்டுக்கு அடித்துக்கொள்கிறார்கள். தஞ்சைக்கு அழைத்துச் செல்லத் தூதன் ஒருவன் வருவான் என்று காத்திருக்கிறார்கள். பார்த்திபன் ஏற்ற மன்னன் வேடத்தில் கம்பீரமும் கையாலாகாத்தனமும் ஒருங்கே இருக்கின்றன. குழுத் தலைவி அனிதா பாண்டிய வம்சத்தவள் என்பது பின்னர் தெரியவருகிறது. நவீன ஆயுதங்களோடு படையொன்று நுழைகிறது, வாளும் வில்லும் துப்பாக்கியிடம் தோற்கின்றன, பிடிபட்ட பெண்கள் சீரழிக்கப்படுகிறார்கள், மன்னன் மடிகிறான். மன்னனின் குழந்தையுடன் முத்து தப்பிச் செல்வதோடு படம் முடிகிறது.

படத்தை ஏற்காதவர்களின் வாதங்கள் எளிதில் தள்ளிவிடக் கூடியவை அல்ல. முதல் பாதியில் நகைச்சுவையும் சாகசமும் கலந்து விறுவிறுப்பாகப் போன கதை, முன்னறிவிப்பின்றி வேறொரு படமாக மாறுகிறது. சோழர் பேசும் பழந்தமிழ் பலருக்குப் புரியவில்லை. மூன்று மணிநேர நீளம் சோர்வைத் தந்தது. வன்முறையும் பாலியல் கொடுமையும் பொங்கலுக்குக் குடும்பத்தோடு படம் பார்க்க நினைத்தவர்களைத் தள்ளிவைத்தன. தணிக்கையிலும் அது வயது வந்தோருக்கான படமாகவே சான்று பெற்றிருந்தது. பழங்குடியினரை நரமாமிசம் உண்பவர்களாகக் காட்டியதும், நடிகர்களின் உடலில் கருமை பூசியே வறுமையைக் காட்டியதும் இன்று பார்க்கும்போது கூடுதலாக உறுத்துகின்றன.

ஆதரிப்பவர்கள் அந்த இரண்டாம் பாதிக்காகவே படத்தைக் கொண்டாடுகிறார்கள். இவ்வகைப் படங்கள் வழக்கமாகச் செல்வச் செழிப்பைக் காட்டவே பணத்தைக் கொட்டும். 2015இல் வந்த 'பாகுபலி'யின் மகிழ்மதி மாளிகைகள் இதற்கு நல்ல உதாரணம். செல்வராகவனோ கையிலிருந்த கலை இயக்கம், ஒப்பனை, துணை நடிகர் கூட்டம் அனைத்தையும் ஒரு பேரரசின் பட்டினியைக் காட்டச் செலவிட்டார். அழிந்த பெருமையை மீட்டுத் தராமல், அந்தப் பெருமையை நம்பிக் காத்திருப்பவர்களின் நிலையைக் காட்டினார். கண்ணுக்கு விருந்து தேடி வந்தவர்களுக்கு ஏமாற்றமும், வேறுவகைச் சினிமாவை எதிர்பார்த்தவர்களுக்கு வியப்பும் கிடைத்தது இந்த ஒரே முடிவினால்தான்.

ஈழத் தமிழரிடையே படம் இன்னொரு பொருளையும் பெற்றது. படம் வெளியானபோது இலங்கையில் போர் முடிந்து எட்டு மாதங்களே ஆகியிருந்தன. வன்னியிலிருந்து வெளியேறியவர்களில் பெருந்தொகையானோர் இன்னும் வவுனியா முகாம்களில் இருந்தனர். கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வடக்குக் கிழக்கிலிருந்து வந்து தங்கியவர்கள் ஏராளம். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் இருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டதும், மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டு அதைத் தடுத்ததும் அந்த மக்களின் நினைவில் பசுமையாக இருந்தன. ஊருக்குத் திரும்பும் நாளை எண்ணியிருக்கும் மக்கள், சுற்றிவளைக்கும் படை, கைதான பெண்கள் என்ற இறுதிக் காட்சிகளைப் பலர் போரின் இறுதிக் களமான முள்ளிவாய்க்காலோடு சேர்த்துப் பார்த்தனர்.

இந்த வாசிப்பிலும் ஒருமித்த கருத்து இல்லை. படப்பிடிப்பு 2007இலேயே தொடங்கிவிட்டது. எனவே 2009 மே மாத நிகழ்வுகளைப் பார்த்து எழுதப்பட்ட கதை என்று இதைச் சொல்ல முடியாது. உண்மையான துயரம் கேளிக்கைப் படமொன்றின் உச்சக்கட்டமாகச் சுருங்குவதை ஏற்காதவர்களும் உண்டு. ஆனாலும் ஒரு படம் எந்த வேளையில் மக்களிடம் வந்து சேர்கிறது என்பதும் அதன் பொருளைத் தீர்மானிக்கிறது.

வரலாற்றைப் பார்த்தால் கதையின் அடித்தளம் இலங்கைக்கு அந்நியமானதன்று. பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழனிடம் தோற்ற பாண்டியன் இராஜசிம்மன், தன் மணிமுடியையும் அரச சின்னங்களையும் இலங்கை மன்னனிடம் ஒப்படைத்துச் சென்றான். அவற்றைக் கைப்பற்றும் சோழரின் முயற்சி 1017இல், ஐந்தாம் மகிந்தன் சிறைபிடிக்கப்பட்டபோதுதான் நிறைவேறியது. பொலன்னறுவை 1070 வரை சோழர் வசம் இருந்தது. அங்குள்ள சிவாலயங்களில் கிடைத்த நடராஜர் உள்ளிட்ட வெண்கலச் சிலைகளைக் கொழும்பு தேசிய நூதனசாலையில் இன்றும் காணலாம். ஒரு வம்சத்தின் புனிதப் பொருளுக்காக இன்னொரு வம்சம் தலைமுறை தலைமுறையாக அலைவது செல்வராகவனின் வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது.

படத்தின் வணிகக் கணக்கும் கருத்து மோதலுக்குக் காரணமாயிற்று. செலவு 32 கோடி ரூபா என்று சொல்லப்பட்டதால் வசூல் எதிர்பார்ப்பும் அதற்கேற்ப உயர்ந்தது. உண்மையான செலவு 18 கோடிதான் என்றும், பெரிய படம் என்ற பேச்சை உண்டாக்கவே தொகையைக் கூட்டிச் சொன்னதாகவும் செல்வராகவன் 2021இல் வெளிப்படையாக எழுதினார். போட்ட பணத்தை ஈட்டியும் சுமாரான படம் என்ற பெயரே மிஞ்சியது.

ஆண்டுகள் செல்லச் செல்ல மதிப்பு உயர்ந்தது. 2021 ஜனவரி 1ஆம் திகதி தனுஷ் நடிக்கும் இரண்டாம் பாகம் 2024இல் வரும் என அறிவிக்கப்பட்டது, அது வரவில்லை. 2021 டிசம்பர் 31ஆம் திகதி பழைய படமே தமிழகத் திரையரங்குகளுக்குத் திரும்பியது. ஆனால் எல்லாப் பிரமாண்டங்களுக்கும் இப்படி மறுவாழ்வு அமைவதில்லை. அதே இயக்குநரின் 'இரண்டாம் உலகம்' 2013இல் கண்ணைக் கவரும் கற்பனை உலகத்தோடு வந்தும் இந்த அளவு ஆதரவைப் பெறவில்லை. 2024 நவம்பரில் வெளியான 'கங்குவா' காதைப் பிளக்கும் ஒலிக்காகவே அதிகம் விமர்சிக்கப்பட்டது. அதையடுத்து, திரையரங்கு வளாகங்களில் முதல்நாள் விமர்சனங்களை எடுக்க அனுமதிக்கக் கூடாது என்று தயாரிப்பாளர் சங்கமொன்று கோரியது.

முதல் வாரத் தீர்ப்பு இறுதித் தீர்ப்பாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு 'ஆயிரத்தில் ஒருவன்' சான்று. எனினும் கால ஓட்டம் அதன் குறைகளைத் திருத்திவிடவில்லை. இரண்டாம் பாதியின் குழப்பமும் மிகையான கொடூரமும் அப்படியேதான் இருக்கின்றன. மாறியது பார்வையாளரின் எதிர்பார்ப்பு. புதையல் வேட்டையை எதிர்பார்த்து உட்கார்ந்தால் பாதியில் எழத் தோன்றும். தோற்றுப்போன ஒரு மக்கள் கூட்டத்தின் கதையாக எண்ணிப் பார்த்தால் முதல் பாதியின் சாகசமும் அதற்கான முன்னுரையாக விளங்கும். இதுவரை பார்க்காதவர்கள் அந்த எண்ணத்தோடு கடைசிவரை இருந்து பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் நிற்பது என்பதைத் தாங்களே முடிவு செய்யலாம்.