நாடாவும் குரூப்பும் முடிவு செய்யும் படை

மேல்பட்டாம்பாக்கம் பக்கத்துப் பையன்கள் ராணுவ முகாம் எதையும் பார்த்து வளர்வதில்லை. துப்பாக்கி பிடித்த சீருடை என்று அவர்கள் கண்ணில் படுவது, நெய்வேலிச் சுரங்கத்தைக் காக்கும் சி.ஐ.எஸ்.எஃப். வீரர்கள்தான். அது முப்படையில் சேராது. 1969-இல் உருவான மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை. உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருவது. ஆனாலும் பிளஸ் டூ முடித்த பையன் 'எதுக்கு அப்ளை பண்ணலாம்?' என்று கேட்டால், ஆர்மி, நேவி, ஏர்ஃபோர்ஸோடு இதையும் சேர்த்தே வீட்டில் பேசுகிறார்கள். சரியாகத்தான் பேசுகிறார்கள்.

ஆசை என்னவாக இருந்தாலும் முதல் தீர்ப்பு அளவு நாடாவினுடையது. தமிழ்நாட்டுப் பையனுக்கு ஆர்மியின் பொதுப் பணிப் பிரிவான ஜி.டி.யில் 166 செ.மீ. உயரம் வேண்டும். சி.ஐ.எஸ்.எஃப். போன்ற மத்தியப் படைகளில் 170, பழங்குடியினருக்கு 162.5. நேவிக்கு 157, ஏர்ஃபோர்ஸுக்கு 152 போதும். 163 செ.மீ. உள்ளவன் ஆர்மிக்கென்று விடியற்காலையில் ஓடிக்கொண்டிருந்தால், ஒருநாள் அவனைச் சுவரோரம் நிற்க வைத்து அளந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லையா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது பதினோராம் வகுப்பில் எடுத்த குரூப். நேவியில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கான எஸ்.எஸ்.ஆர். பிரிவுக்குக் கணக்கும் இயற்பியலும் வேண்டும். ஏர்ஃபோர்ஸுக்கு மற்ற குரூப் மாணவர்களும் போடலாம். ஆங்கிலத்தில் 50 சதவீதம் இல்லாவிட்டால் கதவு மூடிவிடும். ஆர்மி ஜி.டி.க்குப் பத்தாம் வகுப்பில் 45 சதவீதமே போதும். பதினைந்து வயதில் பக்கத்து பெஞ்ச் நண்பனைப் பார்த்து எடுத்த குரூப், கப்பலில் ஏறலாமா கூடாதா என்பதைத் தீர்மானித்துவிடுகிறது.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. 2023-இல் மத்தியப் படைகளில் ஒன்றான சி.ஆர்.பி.எஃப்.பின் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே என்று அறிவிப்பு வந்தபோது தமிழக அரசு கடுமையாக எதிர்த்தது. மத்தியப் படைகளின் கான்ஸ்டபிள் தேர்வு 2024 முதல் தமிழிலும் நடக்கிறது. ஆர்மியின் பொது நுழைவுத் தேர்வுக்கும் 2025-இல் தமிழ் வந்தது. அரசுப் பள்ளிப் பையனுக்கு, எந்தப் படை பெரியது என்ற விவாதத்தைவிட இது முக்கியம்.

கிரவுண்டும் ஒன்று போல இருக்காது. ஆர்மியில் 1.6 கி.மீ. தூரத்தை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் 60 மதிப்பெண், பத்து புல்-அப்ஸ் எடுத்தால் 40. மத்தியப் படைகளிலோ 5 கி.மீ. தூரத்தை 24 நிமிடத்தில் முடிக்க வேண்டும். வேகத்துக்குப் பழகிய கால் இங்கே மூன்றாவது கிலோமீட்டரில் திணறும்.

இதையெல்லாம் தாண்டினால் வருஷக் கணக்கு. 2022 ஜூனில் அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்ட பிறகு முப்படையிலும் சிப்பாய் நிலையில் 'அக்னிவீர்' என்று சேர்பவருக்கு நான்கு ஆண்டுதான். சம்பளம் மாதம் 30,000 ரூபாயில் தொடங்கி நான்காம் ஆண்டில் 40,000 ஆகும். அதில் 30 சதவீதம் பிடித்து, அரசும் அதே அளவு போட்டு, கடைசியில் வட்டி நீங்கலாகப் பத்து லட்சம் ரூபாய் தருகிறார்கள். நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரை தொடரலாம். மற்றவர்களுக்குப் பென்ஷன் கிடையாது. தங்கையின் கல்யாணத்துக்கோ மாடி எடுக்கவோ அந்தப் பணம் உதவும். இருபத்தைந்து வயதைத் தொடுவதற்குள் மறுபடி வேலை தேடவும் வேண்டும். சி.ஐ.எஸ்.எஃப். கான்ஸ்டபிளோ அறுபது வயதுவரை பணியில் இருக்கலாம்.

அதற்காக அது நிம்மதியான வேலை என்று எண்ணிவிடக் கூடாது. 2014 மார்ச்சில் நெய்வேலியில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் சி.ஐ.எஸ்.எஃப். வீரரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார், ஊரே கொந்தளித்தது. எல்லையில் நிற்பவருக்கு எதிரில் இருப்பது வேற்று நாட்டு ராணுவம். சுரங்க வாசலில் நிற்பவருக்கு எதிரில் கோஷம் போடுவது கூலி உயர்வு கேட்கும் தொழிலாளியாகவோ நிலம் கொடுத்த விவசாயியாகவோ இருக்கலாம்.

என்னைக் கேட்டால், கணக்கில் கெட்டிக்காரப் பையன் நேவிக்கோ ஏர்ஃபோர்ஸுக்கோ முயல்வது நல்லது. நான்கு ஆண்டில் வெளியே வந்தாலும் கற்ற தொழில் கையில் நிற்கும். மற்றவர்கள் எதற்கு முதலில் முயல்வது என்ற வரிசையை யோசிக்க வேண்டும். மத்தியப் படைகளின் கான்ஸ்டபிள் தேர்வுக்குப் பொதுப் பிரிவில் 23 வயதுவரை, ஓ.பி.சி.க்கு 26 வரை இடமுண்டு. அக்னிவீர் வயது வரம்பு அதற்கு முன்பே முடிந்துவிடும். முன்னாள் அக்னிவீரர்களுக்கு மத்தியப் படைகளில் 10 சதவீத ஒதுக்கீடும் வயதுத் தளர்வும் 2022-இலேயே அறிவிக்கப்பட்டன. ஆர்மியில் இருந்துவிட்டு சி.ஐ.எஸ்.எஃப்.புக்கு வரலாம். சி.ஐ.எஸ்.எஃப். கிடைக்காமல் 24 வயதில் ஆர்மிக்குப் போக முடியாது.