ஆகாயத் தூரமும் பிரயாண நேரமும்

ராஜபாளையத்தில் நின்று பார்த்தால் கைக்கு எட்டிவிடும் போலத் தோன்றும் மலைத்தொடருக்கு அப்பால், வடமேற்கே, பறவை பறந்தால் சுமார் 45 கிலோமீட்டரில் குமுளி வந்துவிடும். ஆனால் காரில் புறப்படுகிறவரோ ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவில் கோபுரத்தைத் தரிசித்துக்கொண்டு, தே. கல்லுப்பட்டி, உசிலம்பட்டி, தேனி, கம்பம் என்று மலையைச் சுற்றிக்கொண்டு, அதைப்போல் மும்மடங்குக்கு மேல் ஓடியாக வேண்டும். ஆகாய விமானத்துக்கு இந்த உபத்திரவம் இல்லை என்றே அநேகர் எண்ணுகிறார்கள். அது முழு உண்மையன்று.

முதலாவது, நேர்வழி எது என்பதிலேயே தேசப்படம் நம்மை ஏமாற்றிவிடுகிறது. பூகோள உருண்டை ஒன்றில் பெங்களூரையும் சான்பிரான்சிஸ்கோவையும் ஒரு நூலால் இழுத்துப் பிடித்தால், நூல் அட்லாண்டிக்கையோ பசிபிக்கையோ நாடாமல் வடதுருவத்தை ஒட்டிச் செல்லும். தூரம் ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் பெண் விமானிகள் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு அந்தத் துருவ மார்க்கமாகவே, சுமார் 17 மணி நேரத்தில், விமானத்தைக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

தூரம் குறைந்தால் நேரமும் குறையும் என்பதும் நிச்சயமில்லை. உயர வானில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பெருங்காற்று ஓயாமல் ஓடுகிறது. 2016 அக்டோபரில் டில்லியிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு வழக்கமான அட்லாண்டிக் வழியை விட்டுப் பசிபிக் வழியாகக் கிழக்கே பறந்த விமானம், சுமார் 1,400 கிலோமீட்டர் அதிகமாக, மொத்தம் 15,300 கிலோமீட்டர் கடந்தும், காற்று பின்னிருந்து தள்ளியதால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தது. சுற்றுவழியே சீக்கிர வழியான இந்த அதிசயம் எனக்கு இன்னும் அலுக்கவில்லை. சென்னையிலிருந்து சுமார் 8,200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள லண்டனுக்குப் போகிறவர்களும், போகும்போது ஆகிற நேரத்தைவிடத் திரும்புகையில் குறைவாக ஆவதை இதே காரணத்தால் அனுபவிக்கிறார்கள். இவற்றோடு, தேசங்கள் தத்தம் வானத்தை அடைத்துவிட்டால் விமானமும் குமுளிக்குப் போகிற காரைப்போலச் சுற்ற வேண்டியதுதான். 2022இல் ருஷியா தன் வானத்தை அடைத்தபின் ஐரோப்பிய விமானங்கள் ஜப்பானுக்கு அப்படித்தான் போகின்றன.

டிக்கெட்டில் அச்சிட்ட நேரங்களைக் கழித்துப் பார்த்துப் பிரயாண நேரம் கண்டுபிடிக்கவும் கூடாது. புறப்படும் நேரம் புறப்படுகிற ஊர்க் கடிகாரத்தின்படி, சேரும் நேரம் சேருகிற ஊர்க் கடிகாரத்தின்படி. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி முந்தியது. ஆகவே நான்கு மணிச் சொச்சப் பிரயாணம், போகும்போது ஏழு மணி போலவும் வரும்போது இரண்டு மணி போலவும் தோற்றும்.

இத்தனைக்கும் மேல், தரையில் ஆகிற நேரம் ஒன்று உண்டு. ராஜபாளையத்தார் மதுரை விமான நிலையத்தை அடையவே சுமார் இரண்டு மணி ஆகும். வெளிதேசப் பிரயாணமானால் மூன்று மணி முன்னதாக அங்கே இருக்க வேண்டும். சிங்கப்பூர்ப் பிரயாணத்தில் வானத்தில் கழிவதைவிட வானத்துக்கு ஏறுமுன் கழிவதே அதிகம். லண்டனுக்குப் போகிறவரோ பெரும்பாலும் பொதிகை எக்ஸ்பிரஸில் ஓர் இரவைக் கழித்துச் சென்னையை அடைந்த பிறகே விமானத்தைப் பற்றி யோசிக்க முடியும்.