கடல் கடந்த கொரிய ஆசான்மார்

ஒரு நாட்டின் செல்வம் பிறநாடு செல்லும் வழிகள் பல. விளைபொருள் கப்பலேறிச் செல்லும்; அறிவு நூல்வழியே செல்லும்; பாட்டும் கதையும் வாய்வழியே செல்லும். ஆனால், உடம்பினாற் பயிலப்படும் கலைகளுக்கு இவ்வழிகள் போதா. காலை எவ்வளவு உயர்த்துவது, மூச்சை எப்பொழுது அடக்குவது, எதிர்நிற்பவனுடைய தோள் அசையுமுன்னே அவன் கருத்தை எவ்வாறு உணர்வது என்பவற்றை ஏட்டில் எழுதி அஞ்சலில் அனுப்புதல் இயலாது. அவற்றைக் கற்றவன் ஒருவன் தன் உடம்பிலேயே சுமந்துகொண்டு, ஊரையும் உறவையும் விட்டுச் சென்று, வேற்று நாட்டார் முன் நின்று செய்து காட்டுதல் வேண்டும். இவ்வாறு தம் நாட்டுப் போர்க்கலையை உலகெங்கும் கொண்டுசென்ற கொரிய ஆசான்மார் எதனைக் கொடுத்தனர், எதனை இழந்தனர், எதனைப் பெற்றனர் என்பதனை ஈண்டு ஒருவாறு கூறப் புகுகின்றோம்.

கொரிய நாட்டுப் போர்க்கலைகள் பலவற்றுள் இன்று உலகறிந்தது டேக்வாண்டோ. காலால் உதைத்தல், கையாற் குத்துதல், நெறி என்னும் பொருளுடைய மூன்று சொற்கள் கூடி அமைந்தது அப்பெயர். கையும் காலுமே படைக்கலமாகக் கொண்டு பொரும் நெறி என்பது அதன் கருத்து. உதைகளே அதனிற் சிறந்தவை. எதிரியின் மூட்டைத் திருகியும் அவனை நிலைதடுமாறச் செய்தும் வெல்லும் ஹாப்கிடோ என்பது மற்றொரு கொரியக் கலை. இவற்றுள் யாம் பெரிதும் எடுத்துக்கொள்வது டேக்வாண்டோவின் வரலாறே.

அவ்வரலாறு கொரியாவில் மட்டும் தொடங்கியதன்று. 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானியர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அக்காலத்திற் கல்வியின் பொருட்டு ஜப்பான் சென்ற கொரிய இளைஞர் சிலர் ஆங்குக் கராத்தே பயின்றனர். விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் அன்னார் சியோல் நகரத்தில் நிறுவிய பயிற்சிக்கூடங்களுட் சிலவே சுங் டோ க்வான், சாங் மூ க்வான் என்பன. 'க்வான்' என்பது கூடம் எனப் பொருள்படும் கொரியச் சொல். டேக்கியோன் என்னும் காலாட்டக் கலை அந்நாட்டில் முன்னரே வழங்கியதுண்டு. 2011-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை மனிதகுலத்தின் அருங்கலை மரபுகளுள் ஒன்றாக ஏற்றது. இன்றைய டேக்வாண்டோவில் அப்பழங் கலையின் பங்கு எவ்வளவு, ஜப்பானியக் கலையின் பங்கு எவ்வளவு என்பதில் ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் ஒன்று தெளிவு: கடல் கடந்து கற்றோர் கொணர்ந்த வித்தும் அம்மண்ணில் விழுந்தது. டேக்வாண்டோ என்னும் பெயரே 1955-ஆம் ஆண்டில்தான் தோன்றியது. அதனை நிலைநாட்ட முயன்றவருள் முதல்வர் படைத்தலைவராயிருந்த சோய் ஹாங் ஹி என்பார்.

இனி, ஆசான்மார் நாட்டை விட்டுச் சென்றது ஏன் என்று ஆராய்வோம். 1950 முதல் 1953 வரை நடந்த போர் அந்நாட்டைச் சுடுகாடாக்கிற்று. கற்ற கலை கையில் இருந்தும், அதனாற் குடும்பத்தைக் காத்தல் அரிதாயிருந்தது. மற்று, கொரியாவில் தங்கியிருந்த அமெரிக்கப் படைவீரர் பலர் அக்கலையைக் கண்டு வியந்து கற்றனர். பின்னாளில் திரைப்பட நடிகராய்ப் புகழ்பெற்ற சக் நாரிஸ், ஓசான் விமானப் படைத்தளத்திற் பணிபுரிந்த காலத்தே டாங் சூ டோ என்னும் கொரியக் கலையைப் பயின்றவரே. இத்தகையோர் தாயகம் திரும்பிய பின்னர் அமெரிக்காவிற் கொரியக் கலைக்கு ஒரு வாயில் திறந்தது. 1965-ஆம் ஆண்டில் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தை மாற்றி, ஆசிய நாட்டினர்க்கு இருந்த தடைகளைத் தளர்த்தியது. வறுமை பின்னின்று தள்ள, வாய்ப்பு முன்னின்று அழைக்க, ஆசான்மார் புறப்பட்டனர்.

அரசின் ஏவலாற் சென்றோரும் உளர். 1962-ஆம் ஆண்டில் நாம் டே ஹி என்பார் தலைமையில் ஆசிரியர் குழு ஒன்று தென் வியட்நாம் சென்று அந்நாட்டுப் படைவீரர்க்குப் பயிற்சி அளித்தது. சோய் ஹாங் ஹி மலேயாவிற் கொரியத் தூதராயிருந்தபொழுது அக்கலை அந்நாட்டிலும் வேரூன்றியது. 1966-ஆம் ஆண்டில் அவர் சியோலில் அனைத்துலக டேக்வாண்டோ கூட்டமைப்பை நிறுவியபோது, அதனிற் சேர்ந்த நாடுகளுள் மலேசியாவும் சிங்கப்பூரும் இருந்தன.

தனியாகச் சென்றோருள் ஜூன் ரீ என்பாரின் வரலாறு நினைக்கத்தக்கது. 1932-ஆம் ஆண்டிற் பிறந்த இவர் 1950-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தை அடைந்து, சான் மார்கோஸ் நகரக் கல்லூரியிற் பயின்றுகொண்டே உடன்மாணவர்க்குக் கலையைக் கற்பித்தார். 1962-ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரத்திற் பயிற்சிக்கூடம் திறந்தார். 1965 முதல் அமெரிக்கக் காங்கிரஸ் சபை உறுப்பினர்க்கும் ஆசானாயினார். ஆனால், அந்நாளில் அவரும் அவரையொத்தாரும் தம் கலையைக் 'கொரியக் கராத்தே' என்றே கூறிக்கொள்ள நேர்ந்தது. டேக்வாண்டோ என்றால் ஆங்கு ஒருவருக்கும் விளங்காது. கராத்தே என்றால் விளங்கும். முப்பத்தைந்து ஆண்டுகள் தம் நாட்டை ஆண்டவருடைய சொல்லையே விளம்பரப் பலகையில் எழுதி மாணாக்கரை அழைக்க வேண்டியிருந்ததே! தன்மானமுடைய ஒருவர்க்கு இது சிறிய துன்பமா? எனினும் அவர்கள் அப்பெயரை வாயிலாகக் கொண்டு மாணாக்கரை உள்ளே அழைத்தனர். பின்னர்க் காலம் பார்த்துத் தம் பெயரை நிலைநாட்டினர்.

பிற நாடுகளிலும் இவ்வாறே. ரீ கி ஹா என்பார் 1967-ஆம் ஆண்டில் பிரிட்டனை அடைந்து ஆங்குக் கலையைப் பரப்பினார். கிம் யாங் டே என்பார் 1968-ஆம் ஆண்டில் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டிற்குச் சென்றார். மூன் டே வான் என்பார் 1969-ஆம் ஆண்டில் மெக்சிகோவில் தம் பணியைத் தொடங்கினார். ஆங்கிலமும் பிரெஞ்சும் ஸ்பானிஷும் வழங்கும் இந்நாடுகளில் அவர் நாவுக்கு வந்த மொழி எதுவோ, மாணாக்கர் செவிக்குப் பழகிய மொழி வேறு. அவ்வாறாயின் கற்பித்தது எங்ஙனம்?

ஈண்டுத்தான் இக்கலையின் அமைப்பு அவர்களுக்குத் துணைசெய்தது. பயிற்சிக்கூடத்தின் ஏவற்சொற்கள் யாவும் கொரியமே. 'சாரியொட்' என்றால் நேராக நிற்றல் வேண்டும். 'கியொங்னே' என்றால் வணங்குதல் வேண்டும். 'சிஜாக்' என்றால் தொடங்குதல் வேண்டும். 'ஹானா, தூல், செத்' என்று ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவதும் அம்மொழியிலேயே. ஆசான் சொல்லிச் செய்து காட்டுவார். மாணாக்கர் கண்டு செய்வர். சொல்லின் பொருளை உடம்பே கற்றுக்கொள்ளும். ஆகவே ஆசான் மாணாக்கரது மொழியைக் கற்குமுன்னரே, மாணாக்கர் ஆசானது மொழியிற் சில சொற்களைக் கற்றுவிட்டனர். பாரிஸிலோ அபிஜானிலோ உள்ள ஒரு சிறுவன் இன்றும் கொரிய மொழியில் எண்ணிக்கொண்டு உதைக்கின்றான் என்றால், அஃது அவ்வாசான்மார் விட்டுச்சென்ற செல்வமன்றோ?

மொழியேயன்றி வரலாறும் உடன்சென்றது. கற்பனைப் பகைவனை முன்னிறுத்தி வரிசையாகச் செய்யும் அடவுகள் இக்கலையில் உண்டு. சோய் ஹாங் ஹி வகுத்த அடவுகள் 24. ஒரு நாளின் நாழிகைப் பகுப்பாகிய 24 மணிகளை அவ்வெண் குறிக்கும். அவற்றிற் பலவற்றிற்குக் கொரியப் பெரியோரின் பெயர்கள் சூட்டப்பெற்றன. கடற்படைத் தலைவர் யி சுன் சின் நினைவாக ஒன்று; நாட்டின் முதல் அரசராகப் பழங்கதை கூறும் டான்குன் நினைவாக ஒன்று; ஜப்பானிய அரசியற்றலைவர் இதோவைச் சுட்டுக் கொன்றமையால் 1910-ஆம் ஆண்டிற் கொலைத்தண்டனை பெற்ற ஆன் ஜுங் குன் நினைவாக ஒன்று. இறுதியிற் கூறிய அடவில் 32 அசைவுகள் உள. அவர் உயிர்நீத்த வயதை அது குறிப்பது. கொரியாவைப் படத்திலும் கண்டிராத மாணாக்கன் ஒருவன், அவ்வடவைப் பயிலுந்தோறும் ஒரு நாட்டின் துயரத்தைத் தன்னை அறியாமலே தன் கைகால்களால் எழுதுகின்றான்.

நிற்க. கொண்டுசென்றது கொண்டுசென்றவாறே இருந்ததோ எனின், இல்லை. கேள்வி கேளாமற் கீழ்ப்படிதல் கொரியக் கூடங்களின் வழக்கம். 'ஏன்' என்று வினவுதல் அமெரிக்க மாணாக்கரின் வழக்கம். ஆசான்மார் விடை கூறக் கற்றனர். தலையிலும் மார்பிலும் விழும் உதைகளால் ஊறுபாடு மிகுந்தபோது, ஜூன் ரீ நுரைப்பொருளாலான காப்புறைகளை உருவாக்கிப் போட்டிகளிற் புகுத்தினார். அடவுகளை மேலைநாட்டு இசைக்கு இயையச் செய்தவரும் அவரே. இவற்றைக் கலையின் சிதைவு என்று இகழ்ந்தாரும் உளர். வளர்ச்சி என்று புகழ்ந்தாரும் உளர். எம் கருத்து யாதெனின், நாற்றைப் பிடுங்கி வேற்றுவயலில் நட்டவன் அவ்வயலின் நீரையே பாய்ச்சுதல் வேண்டும் என்பதே.

இதனினும் பெரிய துன்பம் உட்பகையால் வந்தது. சோய் ஹாங் ஹி தென்கொரிய அரசுடன் மாறுபட்டு 1972-ஆம் ஆண்டிற் கனடாவிற் குடியேறினார். அவ்வாண்டிலேயே சியோலில் குக்கிவான் என்னும் தலைமைக் கூடம் திறக்கப்பெற்றது. 1973-ஆம் ஆண்டில் உலக டேக்வாண்டோ கூட்டமைப்பு என்னும் வேறொரு சங்கம் ஆங்கே எழுந்தது. அடவுகள் வேறு, போட்டி விதிகள் வேறு என இரு மரபுகளாகக் கலை பிளவுற்றது. நாடு வடக்கும் தெற்குமாகப் பிரிந்தாற்போல அயல்நாட்டிலுள்ள மாணாக்கரும் பிரிந்து நின்றனர். கலைக்குப் பெயர் நாட்டிய சோய், 2002-ஆம் ஆண்டில் வடகொரியாவின் பியோங்யாங் நகரில் உயிர்நீத்தார்.

எனினும் விதைத்தது வீண்போகவில்லை. 1988-ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக் விழாவிற் காட்சி விளையாட்டாக நுழைந்த டேக்வாண்டோ, 2000-ஆம் ஆண்டு சிட்னி விழாவிற் பதக்கத்திற்குரிய போட்டியாயிற்று. அவ்விழாவில் டிரான் ஹியு ஙான் என்னும் வீராங்கனை பெற்ற வெள்ளிப் பதக்கமே வியட்நாம் நாடு பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம். 2008-ஆம் ஆண்டில் மெக்சிகோ இக்கலையில் இரண்டு தங்கம் வென்றது. 2016-ஆம் ஆண்டில் சேக் சல்லா சிசே ஐவரி கோஸ்ட் நாட்டிற்கு முதல் தங்கத்தை ஈட்டித் தந்தார். ஜோர்டன் நாடு தன் முதல் ஒலிம்பிக் பதக்கத்தையே தங்கமாகப் பெற்றதும் அவ்வாண்டில் இக்கலையினால்தான். ஆசான் சென்ற ஆண்டையும் பதக்கம் வந்த ஆண்டையும் ஒப்பிட்டு நோக்குக. ஐவரி கோஸ்ட் நாட்டில் 1968-இல் நட்ட மரம் பழுத்தது 2016-இல். இடைப்பட்ட ஆண்டுகள் 48.

பின்னர் ஒரு புதுமை நிகழ்ந்தது. 2021-ஆம் ஆண்டில் நடைபெற்ற டோக்கியோ விழாவில், டேக்வாண்டோ பதக்கப் போட்டியான நாள்முதல் முன்னொருகாலும் இல்லாதவாறு, தாய்நாடாகிய கொரியா ஒரு தங்கமும் பெறாது திரும்பிற்று. அதே விழாவில் தாய்லாந்தின் பனிபாக் என்னும் வீராங்கனை தங்கம் வென்றார். அவரைப் பயிற்றியவர் சோய் யங் சோக் என்னும் கொரியர். 2002 முதல் தாய்லாந்து அணியின் ஆசானாயிருந்தவர். 2022-ஆம் ஆண்டில் அவர் தாய்லாந்தின் குடிமகனாயினார். 2024-ஆம் ஆண்டு பாரிஸ் விழாவில் பனிபாக் மீண்டும் தங்கம் வென்றார். கொரியாவும் அவ்விழாவில் இரண்டு தங்கம் பெற்றுத் தலைநிமிர்ந்தது. டோக்கியோத் தோல்வியைக் கண்டு கொரியர் சிலர் வருந்தியிருத்தல் கூடும். ஆனால், தந்தது முழுமையாகத் தரப்பட்டது என்பதற்கு அதனினும் சிறந்த சான்று யாது? பாதியை மறைத்துவைத்துக் கற்பித்த ஆசானை மாணாக்கன் ஒருநாளும் வெல்லான்.

இனி, எதிர்த்திசையில் ஓடும் ஆற்றையும் காண்போம். வெளிநாட்டார் பலர் இக்கலையின் ஊற்றைத் தேடிக் கொரியா செல்கின்றனர். சியோலின் கங்னம் பகுதியிலுள்ள குக்கிவானையும், 2014-ஆம் ஆண்டில் மூஜு மலைப்பகுதியில் திறக்கப்பெற்ற டேக்வாண்டோவான் என்னும் பெரும் பயிற்சியகத்தையும் அன்னார் நாடுவர். ஆனால், தெருவோரப் பயிற்சிக்கூடம் ஒன்றனுட் புகுவோர் ஆங்குக் காண்பது பெரும்பாலும் பள்ளிச் சிறுவரையே. அந்நாட்டில் இக்கலை சிறுவரின் ஒழுக்கப் பயிற்சியாகப் பெரிதும் வழங்குகின்றது. கடும் பயிற்சியைப் பல்கலைக்கழகங்களிலும் போட்டி அணிகளிலும்தான் காணலாம். கருங்கச்சை கட்டிப் பெருமிதத்துடன் சென்றவர், முன்பின் வந்தோர் முறையையும் வணங்கும் முறையையும் முதலிலிருந்து கற்கவேண்டியவராகின்றார். தம் நாட்டில் ஆசான், ஆங்கு மாணாக்கர். கடல் கடப்பார் எத்திசையிற் கடப்பினும், கற்றலினின்று தப்புதல் இயலாது போலும்!

மாணவ நண்பர்களே! நும்முள் பலர் நாளை தொழில் கருதியோ, கல்வி கருதியோ, கற்பிக்கும் பணி கருதியோ பிறநாடு செல்லுதல் கூடும். அப்பொழுது இவ்வாசான்மாரின் வரலாறு நுமக்குத் துணையாகுக. தம் பெயர் விளங்காத இடத்துப் பொறுமையுடன் நின்றனர், மாற்றத்தக்கதனை மாற்றினர், மாற்றலாகாத வணக்கத்தையும் ஒழுங்கையும் விடாது காத்தனர், தம்மை வெல்லும் மாணாக்கரை ஆக்கினர். கொடுத்த கலை இன்று 200-க்கு மேற்பட்ட நாடுகளில் வாழ்கின்றது. அது யாருக்கு உரியது என்று கேட்பின், அதனை இன்று காலையிலும் வியர்வை சிந்திப் பயின்றவன் எவனோ அவனுக்கு உரியது என்பதே எம் விடை.