பாதியைத் தாண்டாத வளைவு

போன எபிசோட்ல, "கர்வ் ஃபிட்டிங்கா? பைத்தான்ல ஒரே வரி வேலை" என்று நான் அலட்டிக்கொண்டதைக் கேட்டு நாலைந்து பேர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். அந்த ஒரு வரி எங்கள் குழுவின் மூன்று மாதத்தைத் தின்ற கதையை இங்கே எழுதிவிடுகிறேன்.

மருந்தை செல்கள் மேல் போட்டுப் பார்க்கும் சோதனை இது. எட்டு டோஸ், ஒவ்வொன்றும் முந்தையதில் மூன்றில் ஒரு பங்கு. எங்களுடையதில் உச்சம் 10 மைக்ரோமோலார். மூன்று நாள் கழித்து, மருந்து படாத செல்களோடு ஒப்பிட்டு எத்தனை சதவீதம் உயிரோடு இருக்குன்னு பார்க்கணும். டோஸை லாக் அளவில் வைத்து வரைந்தால் படுத்த எஸ் எழுத்து மாதிரி ஒரு வளைவு வரும். அதைத் தீர்மானிப்பது நாலே எண்கள்: மேல் தளம், கீழ் தளம், நடுப்புள்ளி, சரிவு. பாதி செல்களை அடக்கும் டோஸுக்கு ஐசி50 என்று பெயர். மேனேஜர்கள் கேட்பது அது ஒன்றைத்தான்.

இந்தச் சமன்பாட்டின் மூலம் ஏ. வி. ஹில், 1910-ல் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதற்காக எழுதியது. இது தரவோடு பொருந்துகிறதா என்றுதான் பார்த்தேன், எண்களுக்கு நேரடியான பௌதிகப் பொருள் சொல்ல வரவில்லை என்று அவரே சொல்லிவைத்தார். ஹீமோகுளோபினுக்குச் சரிவு 2.8 கிட்ட வருது. ஆக்சிஜன் உட்காரும் இடமோ 4. நாமதான் அந்த எச்சரிக்கையை மறந்துட்டோம்.

இப்போ என் தப்பு. ஒரு சேர்மத்துக்கு 10 மைக்ரோமோலாரிலும் 60 சதவீத செல்கள் பிழைத்திருந்தன. என் ஸ்கிரிப்ட் கீழ் தளத்தை 0 என்று பூட்டி வைத்திருந்தது. "போதுமான அளவு கொடுத்தா எல்லாம் செத்துடும்" என்பது என் நினைப்பு. விடை: ஐசி50 18 மைக்ரோமோலார். பொருத்தமும் பார்க்க அழகு. நாங்கள் சோதித்த உச்ச டோஸுக்கு வெளியே விழுந்த எண் என்பதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சரிவு 0.6 என்று இருந்தது. வளைவு தரவைத் தொட முடியாமல் தன்னை இழுத்து நீட்டிக்கொண்டதன் அடையாளம் அது. அப்போ எனக்குக் கண்ணில் படலை.

பிறகு உயிரியல் தோழி 100 மைக்ரோமோலார் வரை போய்ப் பார்த்தார். 55 சதவீதத்தில் வளைவு தட்டையாகிவிட்டது. எவ்வளவு ஊற்றினாலும் பாதிக்கு மேல் பிழைக்கும். அதாவது 18 என்று ஒரு டோஸே கிடையாது. கீழ் தளத்தைத் திறந்துவிட்டு மறுபடி ஓட்டினால் நடுப்புள்ளி 2 மைக்ரோமோலார் என்று வந்தது, முன்னதைவிட அட்டகாசமான எண்! ஆனால் அது 100-க்கும் 55-க்கும் நடுவில் உள்ள புள்ளி. பாதி செல்கள் சாகும் டோஸ் இல்லை.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. நூற்றுக்கணக்கான புற்றுநோய் செல் வகைகளில் மருந்துகளைச் சோதித்த இரண்டு பெரிய தரவுத்தொகுப்புகள் 2012-ல் நேச்சர் இதழில் வந்தன. 2013-ல் அதே இதழில் ஒரு குழு, இரண்டிலும் பொதுவாக இருந்த 15 மருந்துகளையும் 471 செல் வகைகளையும் ஒப்பிட்டது. மரபணு அளவீடுகள் நன்றாக ஒத்துப்போயின, மருந்து எண்கள் ஒத்துப்போகவில்லை. சோதனை முறை வேறு என்பது ஒரு காரணம். இன்னொன்று, ஒரு தொகுப்பு பாதியை எட்டாத வளைவுகளுக்கு உச்ச டோஸான 8 மைக்ரோமோலாரையே ஐசி50 என்று போட்டது. மற்றது வெளியே நீட்டிக் கணித்தது. 2015-ல் அந்தத் தரவை உருவாக்கியவர்களே மறுபடி அலசி, ஒற்றுமை அவ்வளவு மோசமில்லை என்றார்கள். வாதம் அதோடு முடியவில்லை என்பது வேறு விஷயம்.

கேட்டவர்களுக்காக நடைமுறை: சைபையின் கர்வ்_ஃபிட்டுக்குத் தொடக்க ஊகம் கொடுக்காவிட்டால் எல்லாவற்றையும் 1 என்று எடுத்துக்கும். மேல் தளம் 1, கீழ் தளமும் 1. வளைவே இல்லாத தட்டைக்கோட்டிலிருந்து தேட ஆரம்பிக்கும் பாவம்! தரவின் உச்சத்தையும் அடியையும் நீங்களே கொடுங்க. ஐசி50-ஐ நேரடியாகத் தேடாமல் அதன் லாகைத் தேடுங்க. என் ஸ்கிரிப்ட் இப்போ உச்ச டோஸுக்கு வெளியே விழும் எதையும் "10-க்கு மேல்" என்றுதான் அச்சிடும், பக்கத்திலேயே படமும் கீழ் தளமும் இருக்கும்.

அந்தச் சேர்மத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். அதற்காக ஓரங்கட்டின இன்னொன்றை இந்த வாரம்தான் ஃப்ரீசரிலிருந்து வெளியே எடுத்தார் தோழி.