பழைய வாகனமும் பெரிய பழுதும்
கொண்டச்சி, சிலாவத்துறைப் பக்கத்தில் பழைய காரோ வானோ வைத்திருப்பது ஆடம்பரத்துக்கு அல்ல. பெரிய ஆஸ்பத்திரி என்றால் மன்னாருக்குத்தான் போக வேண்டும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடையில் 2022இல் ரூபாவின் பெறுமதியும் விழுந்தது. புதியது வாங்க முடியாத வீடுகளில் பழையதைத் திருத்தித்தான் ஓட வேண்டியிருக்கிறது.

பெரும் பழுது பல வேளை சூட்டில்தான் தொடங்கும். ரேடியேற்றரில் தண்ணீர் குறைந்து, வெப்பமானியின் ஊசி சிவப்புக்கு ஏறினால் உடனே வாகனத்தை நிறுத்துங்கள். சூட்டோடு மூடியைத் திறக்கக் கூடாது. "வீடு வரைக்கும்தானே" என்று ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளைந்து, கெஸ்கட் போய்விடும். எஞ்சின் ஒயில் பால்தேநீர் நிறமாவதும், வெள்ளைப் புகை விடாமல் வருவதும் அதன் அடையாளங்கள்.

"எஞ்சினே போய்விட்டது" என்று கராஜில் சொன்னதும் வீட்டில் முதலில் கழற்றப்படுவது மனைவியின் நகை. பழுது என்னவென்று மட்டும் அவளுக்கு யாரும் விளக்குவதில்லை! சகோதரிகளே, நீங்களே கேளுங்கள். கூலி எவ்வளவு, உதிரிப்பாகம் எவ்வளவு என்று தனித்தனியே எழுதி வாங்குங்கள். ஹெட்டை லேத்தில் மட்டமாக்கினால் போதுமா, எஞ்சினையே மாற்ற வேண்டுமா என்று இன்னொரு பாஸிடமும் விசாரியுங்கள். கழற்றிய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். கடற்கரை ஊரில் உப்புக்காற்று வாகனத்தின் அடிப்பாகத்தை அரித்திருக்கும். எஞ்சினுக்குச் செலவழிக்க முன்னர் அதையும் பார்க்க வேண்டும்.

இதற்காக நுண்கடன் எடுக்க வேண்டாம். வறட்சி மாவட்டப் பெண்களின் 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018இல் அரசே முன்வரும் அளவுக்கு அந்தச் சுமை முற்றியிருந்தது. அடகுதான் வழி என்றால் வட்டியையும் மீட்கும் திகதியையும் கேட்டறிந்து, சீட்டை உங்கள் கையிலேயே வைத்திருங்கள்.