சாப்பிட்டு முடித்த பிறகுதான் ஆபத்து

கோடை விடுமுறையில் போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறும் பல வண்டிகளில் துணிமணியோடு மரக்கரி மூட்டையும் மசாலா தடவிய கோழியும் ஏறிவிடுகின்றன. மாலையானால் சூரியநெல்லிப் பக்கத்து விடுதிகளிலும் கூடாரங்களிலும் கிரில் அடுப்பு பற்றிக்கொள்கிறது. குழந்தையைக் கிட்டே விடாதே, துப்பட்டா பத்திரம், எரிகிற கரியில் மண்ணெண்ணெய் ஊற்றாதே என்று ஆளாளுக்கு எச்சரிக்கிறார்கள். எல்லாம் தேவையானவைதான். ஆனால், எரிகிற அடுப்பை நாலு பேர் சுற்றி நின்று கவனிக்கிறார்கள். கோழி தீர்ந்தபின் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மலையில் கிரில் அடுப்பு உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

காரணம் கரியின் இயல்பிலேயே இருக்கிறது. விறகில் சுடரையும் புகையையும் தரும் வாயுக்கள் கரி சுடும்போதே வெளியேறிவிடுகின்றன. மிஞ்சுவது பெரும்பாலும் கார்பன். அடியில் உருவாகும் கார்பன் டை ஆக்சைடு, தகிக்கும் கங்குகளின் வழியே மேலேறும்போது கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. நன்றாக எரியும் கரியின் மேல் மெல்லிய நீலச் சுடர் தெரிகிறதே, அது இந்த வாயு எரிவதுதான். சூடு தணிந்து சாம்பல் மூடியதும் நீலச் சுடர் மறைகிறது. வாயு எரியாமல் அப்படியே வெளியேறுகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், அசதி. கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிவந்து வயிறாரச் சாப்பிட்டவர், இதைப் பயணக் களைப்பு என்றே நினைத்துப் படுத்துவிடுவார். புகை நின்றுவிட்டதே என்று குளிருக்காக அடுப்பை அறைக்குள் இழுத்துவைப்பது இதனால்தான் கொலைகாரச் செயல். 2024 ஆகஸ்டில் கொடைக்கானல் விடுதி ஒன்றில், கோழி சுட்ட அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கிய இளைஞர் இருவர் மறுநாள் எழவில்லை.

அடுப்பை வெளியிலேயே விட்டாலும் கதை முடிந்துவிடுவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவு, தென்மேற்குப் பருவமழைக்கு மறைவுப் பகுதி. வடகிழக்குப் பருவமழையில் வளர்ந்த புல் மாசி, பங்குனிக்குள் காய்ந்து சருகாகிவிடும். சரிவில் ஏறும் தீ மேலே உள்ள புல்லை நோக்கிச் சாய்ந்து, தொடும் முன்பே அதைச் சுடவைக்கிறது. சரிவு 10 பாகை கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பாளர்களின் பொதுக்கணக்கு. 2018 மார்ச் 11 அன்று இதே சரிவில், கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிய மலையேற்றக் குழு காட்டுத்தீயில் சிக்கியது. இறந்தவர்கள் 23 பேர். அந்தத் தீ கிரில் அடுப்பிலிருந்து கிளம்பியது என்று சொல்ல வரவில்லை. எப்படிப் பற்றினாலும், இந்தச் சரிவில் தீயை முந்தி மனிதரால் ஓட முடியாது என்பதற்கு அது சான்று. சாம்பலுக்கடியில் உயிரோடு இருக்கும் கங்கு மறுநாள் காற்றிலும் பொறி பறக்கவிடும்.

தலைமுறை தலைமுறையாக மலையில் விறகெரித்து வாழவில்லையா என்று கேட்கலாம். அந்த வீடுகளின் ஓட்டிடுக்கு வழியே காற்று வந்துபோனது. கண்ணாடிச் சன்னலை இழுத்துச் சாத்திய விடுதி அறைக்கும் ஜிப் போட்ட கூடாரத்துக்கும் அந்த வசதி இல்லை. விறகுச் சூட்டில் ஏலக்காயை உலர்த்தும் ‘ஸ்டோர்’ அறையையே பாருங்கள்: அடுப்பின் சூடு இரும்புக் குழாய் வழியே அறைக்குள் பரவும், புகை அதே குழாயில் ஓடிப் புகைபோக்கி வழியே வெளியேறிவிடும். காய்க்குக்கூட வெப்பம் மட்டும்தான், புகை கிடையாது. சன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்தால் போதாதா? எவ்வளவு திறந்தால் போதும் என்பதை மூக்கு சொல்லாது என்பதால், அந்தக் கணக்கை நம்ப முடியாது. மண்ணை அள்ளிப் போட்டு மூடிவிடலாமே என்பார்கள். மேலோட்டமாகப் போட்ட மண், சூட்டைப் பொத்திவைத்துக் கங்கை நீண்டநேரம் காக்கும்.

தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகில் கொண்டுபோனால் சூடே தெரியாத வரை அணைப்பதுதான் வழி. கோடையில் மலையில் தண்ணீருக்குப் பஞ்சம் என்பது நியாயமான பேச்சு. அங்கே இறுக்கமான மூடியுள்ள இரும்பு டின் போதும். காற்றில்லாமல் கங்கு தானே அணையும், மிஞ்சிய கரி அடுத்த முறைக்கும் உதவும். டின் ஆறும்வரை அதுவும் வெளியேதான் இருக்க வேண்டும். காப்புக்காட்டில் தீ மூட்டுவதோ, 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். அங்கே எந்த டின்னும் பரிகாரமாகாது. விருந்தாளிக்குக் கிரில் அடுப்பு வாடகைக்கு விடும் விடுதிக்காரர், அந்த டின்னையும் சேர்த்தே கொடுத்து, படுக்கப்போகும் முன் இரண்டையும் எண்ணித் திரும்ப வாங்கிக்கொண்டால் பாதி ஆபத்து அங்கேயே தீர்ந்துவிடும்.