சிறாரும் கட்டடக்கலைஞரே

காரைக்குடியின் பழைய வீடுகளில் திண்ணையைக் கடந்து உள்ளே சென்றால் வானம் பார்த்த முற்றம் உண்டு. ஒளியும் காற்றும் அதன் வழியே அறைகளை அடைகின்றன. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை கோடையிலும் குளிர்ந்திருக்கும். புழங்குவோரின் தேவையறிந்து எழுந்தவை அவ்வீடுகள். பள்ளியில் மிகுதியாகப் புழங்குவோர் சிறாரே. எனினும், அதனைக் கட்டும்போது அவர்தம் கருத்தைக் கேட்போர் அரியர்.

பெர்லின் நகரில் எரிகா மான் தொடக்கப்பள்ளியைப் புதுப்பித்தபோது இவ்வழக்கம் மாறியது. 2003ஆம் ஆண்டளவில், கட்டடக்கலைஞர் சுசான்னே ஹோஃப்மன் வழிகாட்ட, தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் அப்பணியில் ஈடுபட்டனர். அவர்கள் வரைபடத்தோடு வரவில்லை. தாம் விரும்பும் பள்ளியைச் சிறாரே படமாகவும் மாதிரியாகவும் காட்டச் செய்தனர். அக்கற்பனையிலிருந்து 'வெள்ளி டிராகனின் உலகம்' என்னும் கதை உருவாயிற்று. டிராகனைக் கேட்ட குழந்தைக்கு டிராகன் சிலையை நிறுத்துவது எளிது. ஆனால், அது கேட்டதைப் புரிந்துகொண்டதாகாது. அதன் மினுமினுப்பும் மூச்சும் எவ்வகை ஒளியை, எவ்வகை மறைவிடத்தை வேண்டுகின்றன என்று ஆராய்வதே கட்டடக்கலைஞரின் வேலை. அவ்வாறு ஆராய்ந்ததன் பயனாக, கடந்து செல்ல மட்டுமே பயன்பட்ட நடைவழிகள் அமர்ந்து பேசவும் படிக்கவும் உரிய இடங்களாயின.

நம் நாட்டில் கபீர் வாஜ்பாயி உருவாக்கிய 'பாலா' முறையும் இங்கு எண்ணத்தக்கது. கதவு திறக்கும் தரையில் பாகைகளைக் குறித்துவிட்டால் கதவே கோணமானியாகிறது!

சிவகங்கை மாவட்டத்துச் சிறாரைக் கேட்டால் முதலில் சன்னலின் உயரம் மாறக்கூடும். பெரியவர் அளவில் வைத்த சன்னல் வழியே, தரையில் அமர்ந்த ஏழு வயதுக் குழந்தைக்கு வேப்பமரத்தின் உச்சி மட்டுமே தெரிகிறது.